ஜன்னலும் லயமும்: பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு மலைநாட்டுப் பள்ளிக்கூடக் கணக்கு

கந்தப்பளையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலை ஏழரை மணிக்கு வகுப்பறை ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். முன்வரிசைப் பிள்ளை ஸ்வெட்டர் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகிற பாதையில், கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். பார்க், கொன்கோர்டியா, கோர்ட்லொஜ் என்று சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இடையிடையே லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும். மூடுபனி வகுப்புக்குள் வந்து குந்திக்கொள்கிற மாதங்களில் ஜன்னலைச் சாத்துவது பிள்ளைகள் மேல் உள்ள கரிசனம். கொவிட் காலத்தில் பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா, மூடலாமா என்று நாடு ஏறக்குறைய இரண்டு வருஷம் யோசித்தது. எந்த மாகாணம், எந்தத் தரம், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டார்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு.

அந்த இரண்டு வருஷத்தை வேகமாக ஒரு தடவை பார்த்துவிடலாம். 2020 மார்ச் 10 இல் இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டில் முதல் தொற்று உறுதியானது. 13 ஆம் திகதியிலிருந்து பாடசாலைகளுக்கு விடுமுறை. சித்திரை வருஷப்பிறப்பு முடிந்தால் திறந்துவிடும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். ஜூலை 6 இல் 5, 11, 13 ஆம் தரங்கள் திறந்தன. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் கிளம்பிய தொற்றுக் கொத்தணியால் ஒரே வாரத்தில் மூடின. ஓகஸ்டில் மறுபடி திறந்தன. ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி கிளம்பியதும் மறுபடி மூடின. நவம்பர் 23 இல் 6 ஆம் தரத்தவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் வந்தார்கள். 2021 ஜனவரி 11 இல் மேல் மாகாணம் தவிர்ந்த இடங்களில் சின்ன வகுப்புகளும் வந்தன. ஏப்ரல் கடைசியில் எல்லாம் மூடியது. அதற்குப் பிறகு ஒக்டோபர் 21 வரைக்கும் கதவு திறக்கவில்லை.

இந்தத் திகதிகளில் பெரும்பாலானவை கொழும்புக்கும் கந்தப்பளைக்கும் ஒன்றே. ஆனால் 'மூடுதல்' என்ற சொல்லுக்கு இரண்டு ஊரிலும் ஒரே அர்த்தம் இருக்கவில்லை.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு வந்தபோது தேயிலைத் தோட்டங்களுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. கொழும்பில் தகப்பனும் தாயும் பிள்ளையும் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாரங்களில், தோட்டத்தில் பெரட்டுக் கூடியது, கொழுந்து பறித்தார்கள், நிறுத்தார்கள், லொறி ஏற்றினார்கள், ஸ்டோர் ஓடியது. வேலைக்குப் போனால்தான் பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம். ஆகவே தோட்டத்தில் மூடியது ஒரே ஓர் இடம், பள்ளிக்கூடம். பெரியவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கிற எல்லா இடங்களும் திறந்திருக்க, பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்கிற ஓர் இடத்தை மட்டும் பூட்டினால் தொற்று எவ்வளவு குறையும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேட, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாத நேரத்தில் எங்கே இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. 120 சதுர அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதைச் சிலர் அடைத்து இன்னோர் அறையாக்கியிருப்பார்கள். பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் என்றால் ஆளுக்கு 20 சதுர அடி. இனி வகுப்பறை. 25க்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். 500 சதுர அடி. 25 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு அதே 20 சதுர அடி. வித்தியாசம் என்னவென்றால், வகுப்பறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல், பிள்ளை அங்கே இருப்பது ஏழரையிலிருந்து ஒன்றரைவரை ஆறு மணித்தியாலம். லயத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன ஜன்னல், உள்ளே அடுப்புப் புகை, மிச்சம் பதினெட்டு மணித்தியாலம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. தொற்றுநோய் படித்த எவரும் உடனே பிடித்துவிடுவார்கள். லயத்து ஆறு பேரும் ஒரு குடும்பம். வகுப்பறை 25 பேரும் 25 குடும்பம். ஒரு வீட்டுக்குள் வந்த கிருமி அந்த வீட்டோடு நிற்கலாம். வகுப்பறைக்குள் வந்தால் 25 வீட்டுக்குப் போகும் வழி கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தை மூடச் சொல்கிற வாதத்தின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது, அது பொய்யும் அல்ல. ஆனால் தோட்டத்துக்குள் நின்று அந்த 25 வீட்டையும் பார்த்தால் என்ன தெரிகிறது? மேட்டு லயம், பணிய லயம் இரண்டுக்கும் ஒரே தண்ணீர்ப் பீலி. அம்மாமார் ஒரே மலையில் நிரை பிடிக்கிறார்கள். கைக்குழந்தைகள் ஒரே பிள்ளைக் காம்பராவில் கிடக்கின்றன. கோயில் ஒன்று, கடை ஒன்று. அந்த 25 குடும்பங்களும் பள்ளிக்கூடம் இல்லாமலே ஏற்கெனவே ஒரே மூச்சில் இருக்கின்றன. தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஆரம்பப் பாடசாலை புதிதாக இணைத்து வைக்கும் உறவு மிகக் கொஞ்சம்.

டவுன் பள்ளிக்கூடம் வேறு கதை. கந்தப்பளை டவுனிலோ நுவரெலியாவிலோ உள்ள பெரிய பாடசாலைக்குப் பத்துப் பதினைந்து டிவிஷன்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வருகிறார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே இருந்திருக்கக்கூடிய தோட்டங்கள் அங்கே ஒரே வகுப்பில் உட்காருகின்றன. ஆக, ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபத்தை அளக்க அதன் தலைக்கணக்கைவிட நல்ல கோல் ஒன்று இருக்கிறது: அது இல்லாவிட்டால் பிரிந்திருக்கும் எத்தனை கூட்டங்களை அது சேர்த்து வைக்கிறது என்பது. 2020 இல் நாம் திறந்த ஒழுங்கு இந்தக் கோலுக்கு நேர் எதிரானது. பரீட்சை எழுதுபவர்கள் முதலில், சாதாரண தரமும் உயர்தரமும் முதலில். அதாவது வயது கூடிய, பஸ் ஏறுகிற, பல தோட்டங்களைக் கலக்கிற பிள்ளைகள் முதலில். லயத்திலிருந்து நடந்து பள்ளிக்கு வருகிற ஆறு வயதுக்காரர்கள் கடைசியில். பரீட்சை நம் சமூகத்துக்கு எவ்வளவு பெரிய தெய்வம் என்பது தெரிந்ததுதான். தோட்டத்துப் பிள்ளை மலையை விட்டு இறங்க அது ஒன்றுதான் ஏணி என்கிறபோது அதைக் குறை சொல்லவும் நா எழவில்லை. ஆனால் அந்த முடிவைச் சுகாதாரத்தின் பேரில் எடுத்ததாகச் சொல்ல முடியாது.

இதே கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் எழுந்தது. 1918 இலையுதிர் காலத்தில் இன்புளுவென்சா அமெரிக்காவை வாரிக்கொண்டு போனபோது பெரும்பாலான நகரங்கள் பாடசாலைகளை மூடின. நியூயோர்க்கும் சிக்காகோவும் நியூஹேவனும் மூடவில்லை. நியூயோர்க்கின் சுகாதார ஆணையாளர் ரோயல் கோப்லண்ட் சொன்ன காரணம் நம் காதுக்குப் பழக்கமானது. நகரத்தின் ஏறக்குறைய பத்து இலட்சம் பள்ளிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நெருக்கடியான தொடர்மாடிக் குடியிருப்புகளில், காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடமோ விசாலம், காற்றோட்டம், அங்கே தாதி வந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பார். வீட்டில் விட்டால் யார் பார்ப்பது? சிறுவர் சுகாதாரப் பிரிவின் தலைவியாக இருந்த ஜோசபின் பேக்கரும் இதே பக்கம் நின்றார்.

அந்த முடிவு சரிதான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. 43 அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டு 2007 இல் வெளிவந்த ஆய்வு, பாடசாலை மூடலையும் மற்றக் கட்டுப்பாடுகளையும் சீக்கிரம் தொடங்கி நீண்ட நாள் வைத்திருந்த நகரங்களில் சாவு குறைந்ததைக் காட்டியது. இன்புளுவென்சாவைப் பரப்புவதில் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதும் உண்மை. கோப்லண்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முடிவை விட அவர் போட்ட கணக்கை. பள்ளிக்கூடத்தை அவர் வெற்றிடத்தோடு ஒப்பிடவில்லை, அந்தப் பிள்ளை திரும்பிப் போகிற அறையோடு ஒப்பிட்டார். இன்னொன்று, அவர் கையில் தாதிமார் இருந்தார்கள். கந்தப்பளைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒருவரும் நாள் தவறாமல் வருவதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் பார்க்க வேண்டிய பரப்பு மலைக்கு மலை நீண்டு கிடக்கிறது.

2020 தொடக்கத்தில் கொவிட்டும் இன்புளுவென்சா மாதிரிதான் என்று உலகம் நினைத்தது. பள்ளிக்கூடங்கள் முதலில் மூடப்பட்டதற்கு அதுதான் காரணம். நோயின் குணம் வேறாக இருந்தது. சுவீடன் 16 வயதுக்குட்பட்டவர்களின் பாடசாலைகளை மூடாமலே 2020 வசந்த காலத்தைக் கடந்தது. 1 முதல் 16 வயது வரையான சுமார் 19 இலட்சத்து 50 ஆயிரம் பிள்ளைகளில் 15 பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஒரு பிள்ளையும் சாகவில்லை. (இந்த மலைகளில் 1980களிலிருந்து பல தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் எழுப்ப உதவியதும் அதே சுவீடன் என்பது ஒரு தற்செயல்.) ஆனால் அதே நாட்டின் இன்னோர் ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. திறந்திருந்த பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, இணைய வழியில் கற்பித்த மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தொற்று. வகுப்பறையில் உண்மையான ஆபத்து யாருக்கு என்பதை இது சொல்கிறது. டெல்டா வந்தபோது பிள்ளைகளின் நிலையும் இவ்வளவு நிம்மதியாக இல்லை; தொற்று மாறிச் சில வாரங்களுக்குப் பின் உடம்பின் பல உறுப்புகள் அழலும் நோய் குறித்துக் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை வைத்தியர்கள் 2021 இல் எச்சரித்தார்கள்.

எனக்குக் கந்தப்பளையை நினைவூட்டியது ஜெருசலேமில் நடந்த ஒரு சம்பவம். 2020 மே 17 இல் இஸ்ரேல் பள்ளிகளை முழுதாகத் திறந்தது. அடுத்த நாட்களில் கடும் வெப்ப அலை; முகக்கவசத்துக்கு மூன்று நாள் விலக்குக் கொடுத்தார்கள். ஓர் உயர்நிலைப் பள்ளியில் 35க்கு மேற்பட்ட பிள்ளைகள் கொண்ட வகுப்புகளில் ஜன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டார்கள். முடிவில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று. அங்கே ஜன்னலை மூடியது வெயில். இங்கே மூடுவது குளிர். சாத்திய அறைக்குள் நடப்பது ஒன்றுதான்.

கொவிட் காற்றில் மிதந்து பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 ஏப்ரல் கடைசி ஆனது. 2020 மார்ச் 28 இல் அதே நிறுவனம் அப்படிப் பரவாது என்று உறுதியாக அறிவித்திருந்தது. அந்த ஒரு வருஷத்துப் பிழை நம் பாடசாலை வாசல்வரை வந்தது. கை கழுவும் இடம் கட்டினோம், வெப்பமானி பிடித்தோம், மேசைகளுக்கு நடுவே ஒரு மீற்றர் அளந்து கோடு போட்டோம். காற்றை அளக்கவில்லை. அளப்பது கஷ்டமும் இல்லை. வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு 420 பங்கு கரியமிலவாயு இருக்கிறது. நாம் விடும் மூச்சில் 40,000 பங்கு. ஒரு சின்னக் கருவியை வகுப்பில் வைத்து அது 2,000 காட்டினால், பிள்ளை இழுக்கிற 25 மூச்சில் ஏறக்குறைய ஒன்று பக்கத்திலிருப்பவர்கள் விட்ட மூச்சு. ஜன்னலை எவ்வளவு திறந்தால் அந்த எண் 800க்கு இறங்குகிறது, அதற்குள் பிள்ளைகள் நடுங்காமல் இருக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து ஓர் அதிபரே முடிவெடுக்கலாம். இரண்டு எதிரெதிர் ஜன்னல்களை நாலு விரல் அகலம் திறந்து வைப்பது, ஒரு பக்கத்தை முழுதாகத் திறப்பதைவிடச் சில நேரம் நன்றாக வேலை செய்யும்.

வேடிக்கை என்னவென்றால், நாம் வெட்கப்பட்டு இடித்துத் தள்ளிய பழைய தோட்டப் பள்ளிக்கூடம் காற்று விஷயத்தில் கெட்டிக்காரத்தனமான கட்டடம். ஒரே நீள மண்டபம், அரைச்சுவர், அதற்கு மேலே கம்பி வலை. ஐந்து வகுப்பும் ஒரே கூரையின்கீழ் கத்தும். ஆசிரியர் சொல்வது பாதி கேட்காது. படிப்புக்குக் கேடான அந்த அமைப்பு, 2020 இல் இருந்திருந்தால் நோய்க்கும் கேடாக இருந்திருக்கும். நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத் துரைமாரைப் பள்ளிக்கூடம் வைக்கக் கட்டாயப்படுத்தியபோது அவர்கள் செலவைக் குறைத்து எழுப்பியதுதான் அந்த அரைச்சுவர்.

அடுத்தது, கிருமி எந்த வழியாக மேலே வந்தது என்பது. கந்தப்பளை மரக்கறி லொறிகள் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இரவோடிரவாக ஓடுகின்றன. தோட்டத்துப் பொடியன்கள் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியின் தொடர்ச்சியாக 2020 ஒக்டோபர் கடைசியில் ஹட்டன் தனிமைப்படுத்தப்பட்டது. நவம்பர் 14 தீபாவளி வந்தபோது, கொழும்பிலுள்ளவர்கள் ஊருக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புது உடுப்போடு வருகிற மகனை வராதே என்று எந்தத் தாய் சொல்வாள்? லயத்துக்குள் நோய் நுழைந்த வழிகளில் இவை முக்கியமானவை. மூன்றாம் தரத்துப் பிள்ளை இந்த வழியில் எங்கும் இல்லை. தோட்டத்து ஆட்களை நோயின் வாகனமாகப் பார்க்கும் பழக்கமும் புதிதல்ல. இலங்கை அரசு இந்தியக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில் நடத்திய முகாமில் நம் பாட்டன் பூட்டன்மாரை நாள் கணக்கில் தடுத்து வைத்துச் சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். அந்தக் கட்டுப்பாடு காத்தது தோட்டத்தின் ஆள்பலத்தையும் நாட்டையும். பிள்ளைகளின் நன்மை அதில் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

மூடியிருந்ததன் விலையையும் அதே தராசில் வைக்க வேண்டும். இணையத்தில் பாடம் என்றார்கள். ஒரு லயத்தில் ஒரு நல்ல போன் இருந்தால், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்தியில் வந்த பிறகு மூன்று பிள்ளைகள் அதற்குச் சண்டை பிடிக்கும். ரீலோட் போட ஒரு நாள் பேரில் ஒரு பங்கு போகும். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே அத்தனை வருஷப் போராட்டம். சிக்னலுக்காக ஊவா மலைப்பக்கத்துப் போஹிட்டியாவ பிள்ளைகள் காட்டுவழி நடந்து பாறைமேல் ஏறிய படம் அந்த வருஷம் உலகச் செய்தியானது. அந்தப் படத்தில் அதிசயப்பட நமக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருஷம் ஜூலை 12 இல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டு இணையக் கற்பித்தலையும் நிறுத்தின. நியாயமான கோரிக்கை, மூன்று மாதத்துக்கு மேல் நீண்டது. இங்கே பல பிள்ளைகளுக்கு நிறுத்துவதற்கு ஏதும் இருக்கவில்லை. வட்ஸ்அப் எட்டாத வீடுகளுக்குப் பயிற்சித் தாள்களைப் போட்டோகொப்பி எடுத்துக் கடையில் கொடுத்து வைத்த ஆசிரியர்கள்தான் அப்போது பள்ளிக்கூடம்.

சோறும் போயிற்று. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7 சதவீதம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வருகிற ஆரம்ப வகுப்புகளில், பள்ளிச் சாப்பாடு கிடைக்கிற இடங்களில், அது ஒரு நேரத்து நிச்சயம். வயது கூடிய பிள்ளைகள் மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு இறங்கினார்கள். சிலர் கொழும்புக்குப் போனார்கள், திரும்பப் புத்தகத்துக்கு வரவில்லை.

கடல் தாண்டித் தமிழ்நாட்டில் கிடைத்த ஆதாரம் கொஞ்சம் தெம்பு தருகிறது. அங்கே சுமார் 19,000 கிராமத்துப் பிள்ளைகளைப் பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கிலும் தமிழிலும் பெரிய சரிவு. கணக்கில் மிகப் பெரிது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், 2022 மே அளவில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்வாசி, ஊருக்குள்ளேயே மாலைநேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் வந்தது. லயத்துக்கு ஒரு உயர்தரம் படித்த பெண்பிள்ளை இருக்கிற நம் தோட்டங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான ஏற்பாடு அது. வகுப்பு நடக்கிற கோயில் மண்டபம் புதிதாக எந்தக் கூட்டத்தையும் கலப்பதில்லை.

2021 ஒக்டோபர் 21 இல் ஒழுங்கு தலைகீழானது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் முதலில், நவம்பர் 8 இல் 10 முதல் 13 ஆம் தரங்கள், 22 இல் இடைப்பட்ட வகுப்புகள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எட்டிய சரியான ஒழுங்கு. தோட்டத்துச் சின்னப் பள்ளிகள் பல இந்த 200க்குள் வந்தன. எண்ணிக்கையை வைத்துப் போட்ட விதி, கூட்டங்களை வைத்துப் போட வேண்டிய விதியோடு தற்செயலாகப் பொருந்திப் போனது. பொருந்தாத இடம் ஆசிரியர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலிருந்து வருபவர் அவர் ஒருவர்தான். நுவரெலியாவிலிருந்தோ இராகலையிலிருந்தோ பஸ் ஏறி, ஜன்னல் மூடிய பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர். அவருக்குத் தடுப்பூசி முதலில், அவருக்குத் தனி வாகனம், அவர் வரும் பஸ்ஸில் நெரிசல் இல்லாமை: ஒரு தோட்டப் பள்ளியின் பாதுகாப்பு ஏறக்குறைய இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். தடுப்பூசி 2021 நடுப்பகுதியில் வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை.

2022 ஜனவரியில் புது விதி. வகுப்பில் 20 பிள்ளைகள் வரை இருந்தால் எல்லாரும் தினமும் வரலாம். 21 முதல் 40 வரை என்றால் இரண்டு கூட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கூட்டம். ஒரு தோட்டப் பள்ளியின் நாலாம் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 பிள்ளைகள், தினமும் பாடம். பக்கத்து டிவிஷனிலிருந்து குடிமாறி வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்றை அதிபர் இடாப்பில் 21 ஆவதாக எழுதுகிறார். விதிப்படி பார்த்தால், அடுத்த திங்கட்கிழமை பத்துப் பிள்ளைகள் லயத்தில் நிற்க வேண்டும். பதினொரு பேர் வகுப்பில் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு வாங்கு, நடுவே ஒரு மீற்றருக்கு மேல். வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் சாத்தியபடியே இருக்கும்.